சர்வர் மாறிய பிறகும் பழைய பக்கமே தெரிவது ஏன்? டிஎன்எஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

வெப்சைட் ஒன்றைப் பழைய சர்வரிலிருந்து (அதன் பக்கங்களை வைத்திருக்கும் கணினியிலிருந்து) புதிய சர்வருக்கு மாற்றிய மறுநாள், வாடிக்கையாளரிடமிருந்து வரும் போன் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். “தம்பி, என் போன்ல புதுசு வருது. ஈப்போவுல என் தங்கச்சிக்கு இன்னும் பழசுதான் வருதாம். கிள்ளான்ல எங்க மாமாவுக்குக் காலையில வீட்டுல புதுசு வந்துச்சாம், ஆபீஸ் போனதும் பழசாயிருச்சாம். என்னப்பா இது?”

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டதும் சர்வரில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, உள்ளே புகுந்து ஒவ்வொரு ஃபைலாகக் குடைய ஆரம்பிப்பார்கள். சர்வர் நன்றாகத்தான் இருக்கும். அந்த மூன்று பேருக்கும் அவரவர் கேட்ட இடத்தில் கிடைத்த பதில்தான் வேறு வேறு. அது எப்படி நடக்கிறது, நடக்காமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வேலை செய்வது மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. வாடிக்கையாளர்கள் என்றால் கோவில், டியூஷன் சென்டர், லாரி கம்பெனி, தீபாவளி நேரத்தில் ஆன்லைனில் முறுக்கும் அச்சுப்பலகாரமும் விற்கும் கடைகள். வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஈப்போவில் உங்கு ஒமார் போலிடெக்னிக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். எச்டிஎம்எல், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் கைவசம் இருக்கும். டிஎன்எஸ் (இணையப் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடு) மட்டும் பேருக்குத்தான் தெரிந்திருக்கும். கோலாலம்பூரில் பெரிய கம்பெனி என்றால் அதற்குத் தனி ஆள் இருப்பார், அவரிடம் விட்டுவிடலாம். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸில் பக்கத்தை வடிவமைத்த அதே தங்கச்சிதான் சர்வரையும் மாற்ற வேண்டும், மறுநாள் காலையில் அந்தப் போனையும் எடுக்க வேண்டும்.

பெயரும் எண்ணும்

இணையத்தில் ஒரு கணினி இன்னொரு கணினியைக் கண்டுபிடிப்பது எண்ணை வைத்துத்தான். ஐபி முகவரி என்கிறோமே, அதுதான். 203.0.113.10 என்பது போல நான்கு பகுதிகளாக எழுதப்படும். (விளக்கம் எழுதுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண் வரிசைகள் சில உண்டு. இந்தக் கட்டுரையில் வருபவை அவைதான்.) மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது. அதனால் பெயர் வைத்துக்கொள்கிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டிஎன்எஸ்ஸின் வேலை.

ஆரம்பத்தில் இதற்கு ஒரே ஒரு ஃபைல் போதுமானதாக இருந்தது. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்தில், கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் பட்டியலில் எழுதுவார்கள், மற்றவர்கள் அந்த ஃபைலை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் நூறுகளாகப் பெருகியதும் இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983ல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் அடிப்படை விதிமுறைகள் 1987 நவம்பரில் வெளியானவை. நாற்பது வருடத்துக்கு முந்திய வடிவமைப்பு இன்னும் உலகத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அவருடைய யோசனையின் சாரம் இதுதான்: பட்டியலை ஒருவரே வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மட்டமும் தனக்கு அடுத்த மட்டம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எங்கள் பலகாரக் கடை வாடிக்கையாளரின் முகவரி பலகாரக்கடை.காம் என்று வைத்துக்கொள்வோம். ஈப்போவில் அவருடைய தங்கை அந்தப் பெயரைப் போனில் தட்டுகிறார். போன் நேராக உலகத்தைச் சுற்றிக் கேட்பதில்லை. அவருக்கு இண்டர்நெட் கொடுக்கும் நிறுவனம் வைத்திருக்கும் ரிசால்வர் என்ற சர்வரிடம் கேட்கிறது. ரிசால்வருக்குப் பதில் தெரியாவிட்டால் அதுதான் அலைந்து திரிந்து விசாரிக்கும். முதலில் ரூட் சர்வர். உலகத்தில் இதற்கு 13 பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உலகம் முழுக்கப் பரவிய பல நகல்கள் இருக்கின்றன. ரூட் சர்வருக்குப் பலகாரக் கடையைத் தெரியாது. ஆனால் டாட் காம் யார் பொறுப்பு என்று தெரியும். டாட் காம் சர்வருக்கும் கடையின் எண் தெரியாது. ஆனால் அந்தப் பெயருக்கு எந்த நேம்சர்வர், அதாவது அதன் விவரப் பட்டியலை வைத்திருக்கும் சர்வர், பொறுப்பு என்று தெரியும். கடைசியில் அந்த நேம்சர்வரிடம் கேட்டால் “203.0.113.10” என்று பதில் வரும். நம் நாட்டின் டாட் மை பெயர்களுக்கும் இதே வழிதான், டாட் காம் இருக்கும் இடத்தில் மைநிக் நிர்வகிக்கும் சர்வர்கள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடையில் ஒரு விஷயம். முகவரியைத் தமிழிலேயே வைக்க முடியுமா என்று கோவில் நிர்வாகத்தினர் அடிக்கடி கேட்பார்கள். டிஎன்எஸ்ஸில் அதற்கு வழி இருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் நாட்டு முகவரிகள் உண்மையாகவே இருக்கின்றன. மலேசியாவுக்குத் தமிழில் அப்படி ஒன்று இல்லை, ஜாவி எழுத்தில் இருக்கிறது. உள்ளுக்குள் இவை எல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வடிவமாக மாறித்தான் பயணம் செய்கின்றன. ஆனால் கீழே சொல்லப்போகும் எல்லாமே அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

சேமித்து வைத்த பதில்

இத்தனை பேரிடம் விசாரித்து வாங்கிய பதிலை ரிசால்வர் தூக்கி எறிவதில்லை. தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்கிறது. அடுத்து யார் அதே பெயரைக் கேட்டாலும் மறுபடி அலையாமல் கையில் இருப்பதையே கொடுத்துவிடும். இந்தச் சேமிப்பு இல்லாவிட்டால் டிஎன்எஸ் இந்த வேகத்தில் ஓடவே முடியாது.

தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், ஒருவர் வீட்டைத் தேடி வந்தவர்கள் முச்சந்தி ஒட்டுக்கடையில்தான் வழி கேட்பார்கள். கடைக்காரர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவர் போன மாதம் கேள்விப்பட்டதைத்தான் சொல்வார். வீடு மாறிய செய்தி அவருக்கு எட்டியிருக்காவிட்டால், வந்தவர் பழைய லயத்து வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். ரிசால்வரும் அப்படித்தான். ஆனால் அதனிடம் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. வாங்கிய பதிலோடு “இது இத்தனை வினாடி வரை செல்லும்” என்று ஒரு கெடுவும் சேர்ந்தே வரும். கெடு முடிந்ததும் பழைய பதிலை அழித்துவிட்டு, அடுத்து யாராவது கேட்கும்போது மறுபடி போய் விசாரிக்கும். அந்தக் கெடுவுக்குத்தான் டிடிஎல் என்று பெயர். 300 என்றால் 5 நிமிடம். 3,600 என்றால் 1 மணி நேரம். 86,400 என்றால் ஒரு முழு நாள்.

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. நாம் நேம்சர்வரில் எண்ணை மாற்றும்போது அந்தச் செய்தி எங்கேயும் அனுப்பப்படுவதில்லை. உலகத்தில் எந்த ரிசால்வருக்கும் யாரும் தகவல் சொல்வதில்லை. புதிய எண் மெல்ல மெல்ல ஊர் ஊராகப் போய்ச் சேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்கிறார்கள். உண்மையில் நடப்பது அதற்கு நேர் எதிர். புதிய பதில் மாற்றிய நொடியிலேயே தயாராக இருக்கிறது. ஆங்காங்கே சேமித்து வைக்கப்பட்ட பழைய பதில்கள்தான் ஒவ்வொன்றாகக் கெடு முடிந்து சாகின்றன. ஆகவே மாற்றிய பிறகு செய்வதற்கு நம் கையில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். பலகாரக்கடை.காம் பெயரின் டிடிஎல் 86,400. செவ்வாய் இரவு 9 மணிக்கு எண்ணை 203.0.113.10லிருந்து 198.51.100.24க்கு மாற்றுகிறோம். ஈப்போ தங்கையின் ரிசால்வர் அன்றிரவு 8:55க்குத்தான் பதிலை வாங்கி வைத்தது. அது புதன் இரவு 8:55 வரை பழைய எண்ணையே கொடுக்கும். கிள்ளான் மாமாவின் வீட்டு ரிசால்வர் திங்கள் இரவு 9:05க்கு வாங்கியது. அதன் கெடு செவ்வாய் இரவு 9:05க்கு முடிந்துவிடும், நாம் மாற்றிய ஐந்தாவது நிமிடமே அவருக்குப் புதிய பக்கம் வந்துவிடும். அவருடைய ஆபீஸில் இண்டர்நெட் வேறு நிறுவனம், ரிசால்வரும் வேறு, அது செவ்வாய் மத்தியானம் வாங்கியது. அதனால்தான் வீட்டில் புதுசு, ஆபீஸில் பழசு. தொலைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லண்டனில் இருப்பவருக்குப் புதிது தெரியும்போது பக்கத்துத் தெருவில் பழையது தெரியலாம்.

இப்போது தீர்வு தானாகவே தெரிகிறது. டிடிஎல்லை 300 ஆகக் குறைத்துவிட்டு மாற்றினால், எல்லாருக்கும் ஐந்தே நிமிடத்தில் மாறிவிடும். சரிதான். ஆனால் எப்போது குறைப்பது? செவ்வாய் இரவு 8:50க்கு டிடிஎல்லைக் குறைத்து 9 மணிக்கு எண்ணை மாற்றினால் ஒரு பயனும் இல்லை. மத்தியானம் வாங்கி வைத்த பதிலில் ஒட்டியிருக்கும் கெடு பழைய 86,400தான். நாம் குறைத்த செய்தி அதற்குத் தெரியாது. ஆகவே பழைய டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம் முன்னதாகவே குறைத்துவிட வேண்டும். திங்கள் மாலைக்குள் குறைத்தால், செவ்வாய் இரவு 9 மணிக்கு உலகத்தில் எந்த ரிசால்வரிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கெடு உள்ள பதில் இருக்காது. எங்கள் ஆபீஸில் சர்வர் மாற்றும் வேலையின் முதல் நாள் என்பது இந்த ஒரு வரியை மாற்றும் நாள்தான். இரண்டு நிமிட வேலை, ஆனால் அதைத் தவறவிட்டால் மறுநாள் முழுக்கப் போனுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

அப்படியானால் எப்போதுமே 300 என்று வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், சிலர் வைக்கிறார்கள். ஆனால் நீண்ட கெடுவுக்கும் ஒரு நன்மை உண்டு: நம் நேம்சர்வர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டாலும், ஏற்கெனவே பதில் வாங்கி வைத்தவர்களுக்குத் தளம் திறந்துகொண்டே இருக்கும். நேம்சர்வர் படுத்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4ல் உலகமே பார்த்தது. ஃபேஸ்புக், வாட்சப், இன்ஸ்டாகிராம் மூன்றும் நம் நேரத்துக்கு நள்ளிரவை ஒட்டி மறைந்துபோய், திரும்பி வர ஆறு மணி நேரம் போல ஆனது. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பைத் துண்டித்தது. அதன் விளைவாக அவர்களுடைய நேம்சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து காணாமல் போனது. கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயரைக் கேட்டால் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சாதாரண நாளில் 3,600 வைக்கிறோம். சின்னக் கடைக்கு அது நல்ல அளவு என்பது என் எண்ணம்.

கண்ணால் பார்ப்பது

இதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து என்எஸ்லுக்அப் (nslookup) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பெயரைக் கொடுத்தால் உங்கள் ரிசால்வர் சொல்லும் எண் வரும். அதே வரியின் கடைசியில் 8.8.8.8 என்று சேர்த்தால் உங்கள் ரிசால்வரை விட்டுவிட்டு கூகுளின் ரிசால்வரிடம் கேட்கும். 1.1.1.1 என்று சேர்த்தால் கிளவுட்ஃபிளேரிடம். கடைசியாக, உங்கள் நேம்சர்வரின் பெயரையே அங்கே கொடுங்கள். அது சேமித்து வைத்த பதில் அல்ல, மூலப் பதில். மூலத்தில் புதிய எண் வந்துவிட்டது, ரிசால்வரில் பழையது வருகிறது என்றால் உங்கள் வேலை சரியாக முடிந்துவிட்டது, கெடு முடிவதுதான் பாக்கி. மூலத்திலேயே பழைய எண் வந்தால் காத்திருந்து பயனில்லை, நீங்கள் மாற்றியது வேறு எங்கோ. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே டிஎன்எஸ்ஸில் பாதி பயம் போய்விடும்.

லினக்ஸிலும் மேக்கிலும் டிக் (dig) என்ற கட்டளை இன்னும் நல்லது. பதிலோடு கெடு இன்னும் எத்தனை வினாடி பாக்கி என்பதையும் காட்டும். ஒரு முறை தட்டுங்கள், 2,140 என்று வரும். பத்து வினாடி கழித்துத் தட்டுங்கள், 2,130. பழைய பதில் உங்கள் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான். பக்கம் பக்கமாக விளக்கிப் புரியாதது, அந்த எண் இறங்குவதைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். 2024 செப்டம்பரில், 8.8.8.8 போன்ற வெளி ரிசால்வர்களுக்குப் போகும் கேள்விகளை இண்டர்நெட் நிறுவனங்கள் தங்கள் சொந்த ரிசால்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்று நம் தொடர்பு பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் தலையிட, சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் 8.8.8.8ஐக் கேட்டாலும் பதில் சொன்னது வேறு ஆளாக இருக்கலாம். நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதும், பதில் உண்மையில் யாரிடமிருந்து வருகிறது என்பதும் எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. “அப்படி ஒரு பெயர் இல்லை” என்ற பதிலையும் ரிசால்வர் சேமித்து வைக்கும். புதிதாக ஒரு பெயரை, கடைக்கு ஒரு ஆர்டர் பக்கத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், நேம்சர்வரில் எழுதுவதற்கு முன்பே ஆர்வத்தில் பிரௌசரில் தட்டிப் பார்த்தால், இல்லை என்ற பதில் உங்கள் ரிசால்வரில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் எழுதி முடித்தாலும் உங்களுக்கு மட்டும் திறக்காது. முதலில் எழுதுங்கள், பிறகு தேடுங்கள்.

மாற்றும் முன்பே புதிய சர்வரைச் சோதிக்க வேண்டும் இல்லையா? அதற்கு அந்தப் பழைய அர்பாநெட் பட்டியலின் வாரிசு ஒன்று இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அங்கே ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல். அதில் 198.51.100.24 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பலகாரக்கடை.காம் என்று ஒரு வரி சேர்த்தால், உங்கள் கணினி மட்டும் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் நேராகப் புதிய சர்வருக்குப் போகும். உலகத்துக்கெல்லாம் பழைய கடை திறந்திருக்கும்போது நீங்கள் மட்டும் புதிய கடைக்குள் நடந்து பார்க்கலாம். ஆர்டர் போடுங்கள், படம் ஏற்றுங்கள், ரசீது வருகிறதா பாருங்கள். இந்தச் சோதனையை முடிக்காமல் எங்கள் ஆபீஸில் யாரும் எண்ணை மாற்றுவதில்லை.

தொடும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் இருப்பதில்லை. வெப்சைட்டின் எண்ணைச் சொல்வது ஏ ரெக்கார்டு. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. இந்த முகவரியிலிருந்து மெயில் அனுப்ப யாருக்கு உரிமை என்பது போன்ற விவரங்கள் டிஎக்ஸ்டி ரெக்கார்டில் இருக்கும். வெப்சைட்டை மட்டும் மாற்றினால் ஏ ரெக்கார்டைத் தொட்டால் போதும், மற்றது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் சர்வரை வாடகைக்குத் தரும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் “எங்கள் நேம்சர்வருக்கு மாற்றிவிடுங்கள்” என்றுதான் சொல்லும். அது முழுப் பட்டியலையே வேறு வீட்டுக்குக் கொண்டுபோவது. அங்கே எம்எக்ஸ் வரியை யாரும் எழுதாவிட்டால் கடைக்கு மெயில் வராது. கொடுமை என்னவென்றால், வெப்சைட் விழுந்தால் உடனே போன் வரும், மெயில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. எம்எக்ஸ் இல்லாதபோது மெயில் ஏ ரெக்கார்டு காட்டும் வெப் சர்வரையே தேடி வரும், அது ஏற்காது. அனுப்பியவரின் சர்வர் அதை உடனே திருப்பி அனுப்பும், அல்லது சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். வாங்க வேண்டியவருக்கோ “இன்னிக்கு ஒரு மெயிலும் வரலையே” என்ற அளவில்தான் தெரியும். ஆகவே நேம்சர்வரைத் தொடும் முன் பழைய பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுதியோ படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், நேம்சர்வரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் மாற்றாமல் இருப்பதே நல்லது. அதன் கெடு நம் கையில் இல்லை. டாட் காம் சர்வர்கள் நேம்சர்வர் விவரத்தை 172,800 வினாடி, அதாவது இரண்டு நாள் கெடுவோடு தருகின்றன. நாம் குறைக்க முடியாது. வாடிக்கையாளர்களிடம் எல்லாரும் சொல்லும் “24லிருந்து 48 மணி நேரம்” பெரும்பாலும் இதைப் போன்ற மாற்றங்களுக்குத்தான் பொருந்தும்.

இதையெல்லாம் செய்யப் போனால், பாதி நேரம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு தம்பி முந்நூறு வெள்ளிக்கு வெப்சைட் செய்து கொடுத்திருப்பார். டொமேனை, அதாவது அந்த இணையப் பெயரை, தன் சொந்தப் பெயரிலேயே, தன் மெயிலிலேயே பதிவு செய்திருப்பார். இப்போது அவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், பழைய நம்பரில் கிடைப்பதில்லை. கடை முப்பது வருடமாக அந்தப் பட்டணத்தில் நடக்கிறது, ஆனால் அதன் இணையப் பெயர் சட்டப்படி வேறொருவருடையது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பெயர் வாடிக்கையாளருடைய பெயரில், அவருடைய மெயிலில் பதிவாக வேண்டும், கடவுச்சொல் அவரிடம் இருக்க வேண்டும். அவருக்கு அது புரியாவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதி, கடைப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லிக் கொடுங்கள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் டிஎன்எஸ்ஸில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

பூட்டுக் குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழும் ஒரு சிக்கல். சான்றிதழ் தருபவர்கள் வழக்கமாக அந்தப் பெயருக்கு வந்து பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். டிஎன்எஸ் மாறும் வரை அவர்கள் போய்ச் சேர்வது பழைய சர்வர். எனவே புதிய சர்வரில் முன்கூட்டியே சான்றிதழ் வேண்டுமானால், டிஎக்ஸ்டி ரெக்கார்டு மூலம் உறுதி செய்யும் முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது பழைய சான்றிதழையும் அதன் சாவியையும் தற்காலிகமாக நகல் எடுங்கள்.

நாள் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம், சனி ஞாயிறில் ஹோஸ்டிங் நிறுவனத்தில் பதில் சொல்ல ஆள் குறைவு. கெடாவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வெள்ளி, சனிதான் விடுமுறை, ஆகவே வியாழனும் சரிவராது. செவ்வாய் இரவு இருவருக்கும் ஒத்துவரும். மாலை நான்கு ஐந்து மணி எங்கள் பக்கம் இடி மழை நேரம், மின்சாரம் போனாலும் போகும். பலகாரக் கடை என்றால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கை வைக்கவே மாட்டோம், எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் சரி.

இரண்டு கடையும் திறந்திருக்கும் நேரம்

டிடிஎல் 300 ஆக இருந்தாலும் கொஞ்ச நேரம் சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதிய சர்வருக்கும் வருவார்கள். வெறும் படமும் எழுத்தும் உள்ள கோவில் தளம் என்றால் பரவாயில்லை. ஆர்டர் வாங்கும் தளம் என்றால் ஆபத்து. மூன்று பேர் போட்ட ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழுந்து, யாரும் பார்க்காமலேயே கிடக்கும். பணம் மட்டும் கட்டியாகிவிட்டிருக்கும்.

எளிய வழி, மாற்றும் நேரத்தில் பழைய தளத்தில் “பராமரிப்பு வேலை நடக்கிறது” என்று பலகை போட்டு ஆர்டரை நிறுத்துவது. அதைவிட நல்ல வழி, பழைய சர்வரையே ஒரு வாசலாக மாற்றிவிடுவது. ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். பழைய எண்ணுக்கு வருகிறவர்களின் கேள்வியை அது அப்படியே புதிய சர்வருக்குக் கொடுத்து, பதிலை வாங்கித் தரும். இப்படிச் செய்தால் யாருடைய ரிசால்வர் எதைச் சொன்னாலும் எல்லாரும் பார்ப்பது ஒரே கடையைத்தான். டிடிஎல்லைக் குறைக்க நேரமே கிடைக்காத அவசரத்திலும் இது கைகொடுக்கும். கற்றுக்கொள்ள ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளைச் செலவழியுங்கள்.

மாற்றிய பின் பழைய சர்வரை உடனே நிறுத்திவிடாதீர்கள். கெடுவை மதிக்காமல் பழைய பதிலைக் கூடுதலாக வைத்திருக்கும் ரிசால்வர்களும் உண்டு. பழைய சர்வரின் லாகை, அதாவது வருகைப் பதிவை, திறந்து இன்னும் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தேடுபொறிகளின் பாட்கள் (தானாகவே தளங்களைச் சுற்றிப் பார்க்கும் புரோகிராம்கள்) இருக்கும், அவை தானாக மாறிவிடும். ஆனால் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் சர்வர் இன்னும் பழைய எண்ணுக்கே வந்துகொண்டிருந்தால், அது டிஎன்எஸ் விவகாரம் அல்ல. யாரோ எப்போதோ பெயரைக் கொடுக்காமல் எண்ணையே அங்கே பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது மாறாது, நீங்கள்தான் அவர்களிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

லாகில் மனிதர்கள் யாரும் வராத நிலை சில நாள் தொடர்ந்தால் பழைய சர்வரின் முழு நகலை எடுத்துவிட்டு நிறுத்தலாம். டிடிஎல்லை மறுபடி 3,600க்கு ஏற்றுங்கள். அப்புறம் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சோதனைக்காகச் சேர்த்த அந்த ஒரு வரியை நீக்கிவிடுங்கள். அதற்குக் கெடு எதுவும் கிடையாது. விட்டுவைத்தால், அடுத்த முறை அந்தக் கடை சர்வர் மாறும்போது உலகத்துக்கெல்லாம் புதியது தெரியும், உங்கள் கணினியில் மட்டும் பழையதுதான் வந்துகொண்டிருக்கும்.